பந்துச் சத்தம் கேட்காத அணி

அன்புள்ள வேணி,

பேப்பரில் உன்னை எப்போதும் ‘அவர்’ என்றே எழுதி வந்திருக்கிறேன். ‘கோவில்பட்டி அணியின் வேணி சிறப்பாக ஆடினார்’, ‘இரண்டாம் பாதியில் அவர் களமிறங்கினார்’. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் முற்றத்தில் வைத்துவிட்டுப் போகிற பெண்ணை மறுநாள் காலை அச்சில் இத்தனை மரியாதையோடு படிக்க உன் அம்மாவுக்குச் சிரிப்பாக இருக்கும். “அவிய எந்திச்சாச்சா, காப்பி குடிச்சாவளான்னு போய்க் கேட்டுட்டு வாங்க” என்று உன் அறைப் பக்கம் கையைக் காட்டுவாள். இந்தக் கடிதத்தில் அந்த மரியாதை கிடையாது. இதில் நீ, நீதான்.

மைதீன் பாய் என்னிடம் கேட்டது கடிதமில்லை. நம் ஊர் ஹேண்ட்பால் கழகத்தின் ஆண்டு மலருக்கு ஒரு வரலாறு கேட்டார். “அண்ணாச்சி, மொத நாள்லருந்து பாத்தவிய நீங்க ஒருத்தர்தான். கோப்பை வாங்குனது, லீக்குல சேந்தது எல்லாம் வரணும். அழுகாச்சியா மட்டும் எழுதிராதீங்க” என்றார். நேற்று மாலை உன்னை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு நீ போயிருப்பது அந்த வரலாற்றின் கடைசிப் பத்தியாக வரவேண்டும். ஆனால் எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் வாக்கியம் உன் வலது முட்டியில் போய் முடிகிறது. இத்தனை காலம் செய்தி எழுதிய எனக்கு இப்படி நேர்ந்ததில்லை. எனவே வரலாற்றை உனக்கே எழுதிவிடுகிறேன். பாய் தனக்கு வேண்டியதை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும். மலரைப் படிப்பவர்கள் நம் வீட்டுக் கதையையும் படித்தால் நமக்கொன்றும் குறைந்துவிடாது.

கழகம் தொடங்கியபோது நீ ஒன்றாம் வகுப்பு. நம் ஊரில் விளையாட்டு என்றால் ஹாக்கி. நல்ல மைதானம் எல்லாம் ஹாக்கிக்குப் போய்விடும். உடற்பயிற்சி ஆசிரியை பாக்கியம் டீச்சர் பெண்பிள்ளைகளுக்கு ஹேண்ட்பால் சொல்லிக்கொடுக்க இடம் கேட்டபோது, பள்ளிக்குப் பின்னால் யாரும் சீந்தாத ஒரு கரிசல் பொட்டலைக் காட்டினார்கள். இரும்புக்கடை வைத்திருந்த மைதீன் பாய் தன் மகளும் ஆட வந்ததால் கோல் போஸ்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். அவர் கடை வெல்டர் அகலத்தை உயரமாகவும் உயரத்தை அகலமாகவும் வைத்து அடித்துவிட்டார். அதைப் பார்த்த டீச்சர், “பாய், இதுல கோல் போடவா, இல்ல நெல்லு மூட்ட ஏத்துன மாட்டுவண்டி உள்ள போகவா?” என்று கேட்டார். பாய் கொஞ்ச நேரம் போஸ்ட்டையே பார்த்துவிட்டு, “படுக்கப் போட்டா சரியா வரும் டீச்சர்” என்றார். படுக்கப் போட்டு நிறுத்தினார்கள். சரியாகத்தான் வந்தது.

சரியாக வராதது பந்து. ஹேண்ட்பாலில் பந்தைப் பிடித்தவர் மூன்று எட்டுதான் வைக்கலாம். அதற்குமேல் ஓட வேண்டுமென்றால் பந்தைத் தரையில் தட்டிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். உலகமெங்கும் அப்படித்தான் ஆடுகிறார்கள். நம் பொட்டலில் வெயில் காலத்தில் தட்டினால் பந்து வெடிப்பின் விளிம்பில் பட்டு வேறு திசைக்குப் போகும். சில சமயம் வெடிப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். மழை பெய்தால் தட்டிய இடத்தில் பந்து அப்பிக்கொள்ளும், கூடவே ஆளும். டீச்சர் ஒரு மாதம் பார்த்தார். பிறகு விதியை மாற்றினார். “ஏட்டி, நம்ம மண்ணுக்குத் தட்டு ஆகாது. மூணு எட்டு வை, குடுத்துரு. தட்டுனா வெளிய உக்காரு.” அவ்வளவுதான் நம் கழகத்தின் ஆட்டமுறை. யாரும் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. கழுகுமலையில் தீப்பெட்டி வேலைக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகளும் பசுவந்தனையில் பருத்தி எடுத்துவிட்டு வரும் பிள்ளைகளும் பஸ்ஸை விட்டு இறங்கி அங்கே பந்தை வாங்கினார்கள், கொடுத்தார்கள், வாங்கினார்கள். தரையை நம்பாத ஏழு பேர்.

முதல் மாவட்ட வெற்றியை நான்தான் எழுதினேன். ஹேண்ட்பாலுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று யோசித்துக் ‘கைப்பந்து’ என்று எழுதி அனுப்பினேன். கைப்பந்து என்றால் நம் ஜனங்களுக்கு வாலிபால். அலுவலகத்திலும் அப்படியே நினைத்து, நடுவில் வலை கட்டி யாரோ எகிறி அடிக்கிற படத்தைச் செய்திக்கு மேலே போட்டுவிட்டார்கள். காலையில் பாய் பேப்பரோடு வந்து நின்றார். “அண்ணாச்சி, நான் போஸ்ட்டுதானே அடிச்சுக் குடுத்தேன், இந்த வலைய யாரு கட்டுனா?” அன்றிலிருந்து நான் ஹேண்ட்பால் என்றே எழுதி வருகிறேன். மொழிக்கு நல்லதா என்று தெரியாது. மைதீன் பாய்க்கு நல்லது.

மாநிலப் போட்டிக்கு முதல் தடவை போனபோது நீ எட்டாம் வகுப்பு. அணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துணைக்கு உன் அம்மா வந்தாள். பெரிய ஊர் அணிகளின் பிள்ளைகள் ஒரு டப்பாவிலிருந்து எதையோ எடுத்து விரலில் தடவிக்கொள்வதைப் பார்த்தாள். பந்து கையோடு ஒட்டும். அந்தப் பசை எங்கே கிடைக்கும் என்று நாம் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். அம்மா மட்டும் அதை மோந்து பார்த்துவிட்டு வந்து, “இதென்ன பெரிய விசயம், நம்ம கிட்ட இல்லாததா” என்றாள். அடுத்த போட்டிக்கு உன் தாய்மாமாவின் கடலைமிட்டாய்ப் பட்டறையிலிருந்து வெல்லப்பாகு ஒரு தூக்குவாளி நிறைய வந்துவிட்டது. முதல் பாதி பிரமாதம். எறிந்த பந்தெல்லாம் கையில் உட்கார்ந்தது. இடைவேளையில் பந்தைப் புல்தரையில் வைத்தார்கள். இரண்டாம் பாதி தொடங்க நடுவர் விசில் ஊதிவிட்டுப் பந்தை எடுத்தார், உடனே கீழே போட்டார். பந்து முழுக்க எறும்பு. “என்னம்மா இது, பந்தா, பதனிப் பானையா?” என்று அவர் கத்த, உன் அம்மா தூக்குவாளியோடு எழுந்து நின்று, “சுத்தமான பாகு சார். சந்தேகம்னா நக்கிப் பாருங்க” என்றாள்.

அன்றைக்கு நாம் தோற்றோம். ‘பாகு டீம்’ என்ற பெயரோடு ஊர் வந்தோம். அடுத்த மூன்று வருடம் எந்த ஊருக்குப் போனாலும் “பாகு வருது, எறும்புப் பொடி போடுங்க” என்று எதிரணிப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். நீ ஒருமுறை அழுதுகொண்டே வந்து, இனி ஆட மாட்டேன் என்றாய். உன் அம்மா சமாதானம் சொல்லவில்லை. “என்ன வேணா சொல்லி வையட்டும். பாகுல எறும்பு மொய்ச்சா பாகு நல்ல பாகுன்னு அர்த்தம்” என்று தோசையைத் திருப்பினாள். மாநிலக் கோப்பையைக் கழகம் முதல்முறை தூக்கியபோது, புதியம்புத்தூர் தையல் யூனிட் ஒன்றில் தைத்து வந்த உங்கள் சட்டையின் முதுகில் என்ன எழுதியிருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ‘பாகு’. தைத்துக் கொடுத்தவரின் மகள் ஜெனிபர் அந்த வருடம்தான் அணிக்கு வந்தாள். உனக்கு இடப்பக்க ஓரத்தில் ஆடுகிறவள். அவள் கொடுப்பதும் நீ வாங்குவதும், நீ கொடுப்பதும் அவள் வாங்குவதும் அப்போது தொடங்கியது.

தொழில்முறை லீக் வந்தது அதற்குப் பிறகு. திருப்பூர் முதலாளி ஒருவர் கழகத்தை எடுத்துக்கொண்டார். ஆட்டக்காரிகளுக்கு மாதச் சம்பளம், மருத்துவர், பிசியோ. ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த பஞ்சுக் கிடங்கைச் சுத்தம் செய்து மரத்தளம் போட்டு உள்ளரங்கம் ஆக்கினார்கள். பாக்கியம் டீச்சர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்தத் தளத்தில் கால் வைத்தார். முதல் வருடம் கடைசி இடம். இரண்டாம் வருடம் நடுவில் வந்தோம். மூன்றாம் வருடம் அரையிறுதி. நம்மிலிருந்து இரண்டு பேர் இந்தியச் சட்டை போட்டார்கள். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் நம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏன் சார் உங்க டீம் ஆடினா பந்துச் சத்தமே கேக்க மாட்டேங்குது?” மற்ற அணிகள் ஆடினால் மரத்தளத்தில் டொப், டொப் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகள் ஆடினால் ஷூ கீச்சிடும் சத்தமும், ஒருத்தி பெயரை இன்னொருத்தி கூப்பிடும் சத்தமும்தான். தட்டுவதற்கு அருமையான தளம் கிடைத்த பிறகும் அவர்களுக்குக் கை தரைப் பக்கம் போகவில்லை.

உனக்குப் போயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சமமான தரை கிடைத்தால் ஓடத் தோன்றத்தான் செய்யும். நீ தட்டிக்கொண்டு தனியே பாய்ந்து, கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் ஆறு மீட்டர் கோட்டிலிருந்து எகிறி, காற்றில் நின்று எறிவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. நானும் பார்த்தேன். நிருபர்கள் மேசையில் இருந்தபடி தலையைக் குனிந்து குறிப்பு எழுதும்போதுகூடச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். டொப் கேட்டால் பந்து உன்னிடம் இருக்கிறது. கேட்காவிட்டால் மற்றவர்களிடம்.

போன வருட அரையிறுதியில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். டொப். டொப். மூன்றாவதைக் காதில் வாங்கிக்கொண்டு எழுதக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஒரு உடம்பு விழும் சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது நீ முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தாய். உன்னைச் சுற்றி யாருமில்லை. யாரும் உன்னை இடிக்கவுமில்லை. கால் மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மதுரையில் ஸ்கேன் பார்த்த மருத்துவர், “ஜவ்வு முழுசா கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணா நடக்கலாம், ஓடலாம். பழைய மாதிரி குதிக்கிறது பத்தி இப்ப நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றார். வெளியே வந்து காரில் ஏறியதும், “குதிக்காம எப்பிடிப்பா ஆடுறது?” என்று என்னைக் கேட்டாய். பதில் இல்லாத கேள்விகளை நான் பலரிடம் கேட்டுப் பிழைத்தவன். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷனும் அதன் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று. நீ மொட்டை மாடியில் ஒற்றைக் காலில் நின்று பிசியோ சொன்ன பயிற்சியைச் செய்யும்போதெல்லாம் நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பார்க்க முடியவில்லை. கேட்க முடிந்தது. கால் மாறி ஊன்றும் சத்தத்தில் வலது எது, இடது எது என்று எனக்குப் பழகிவிட்டது. வலது ஊன்றும்போது ஒரு கணம் தாமதம் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு அந்தத் தாமதம் குறைந்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். “அதுக்கு நீங்க மேல போயே பாத்துருக்கலாம். புள்ளைக்கும் ஒரு துணையா இருந்துருக்கும்” என்றாள்.

நீ இல்லாத இந்த வருடம் கழகம் சரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். வென்றால் லீகில் நீடிக்கலாம். டிரா ஆனால்கூட வெளியே. வெளியே போனால் முதலாளியும் போய்விடுவார், பஞ்சுக் கிடங்கு மறுபடி பஞ்சுக் கிடங்காகிவிடும் என்று ஊரே பேசிக்கொண்டது. மருத்துவர் நீ ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. உன் பழைய ஆட்டத்தை வைத்து வந்திருந்த முகாம் அழைப்பும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது. உன்னைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்கினார்கள். கிடங்கு முழுக்கப் “பாகு! பாகு!” என்று கத்தியது. ஊருக்குக் கழகத்தைப் பற்றிய பயம். எனக்கு அந்தப் பயம் இருந்ததாகச் சொன்னால் பொய். நான் உன் முட்டிக்குப் பயந்தேன். மேசைக்குக் கீழே தரைப் பலகைகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பின் வரிசையில் நின்றுகொண்டிருந்த உன் அம்மா குனிந்து, “என்னத்தத் தேடுதீங்க கீழ? சாவி கீவி விழுந்துட்டா?” என்றாள். நான் பலகைகளை எண்ணத் தொடங்கினேன். “அவ நல்லாத்தான் நிக்கா. நிமிந்து பாருங்க” என்றாள். நிமிரவில்லை.

கோல்கள் சமம் என்று ஒலிபெருக்கியில் கேட்டேன். கடைசி நிமிடம் என்று கேட்டேன். எதிரணி பந்தைத் தவறவிட்டதும் கூட்டம் ஒரே குரலில் எழுந்தது. அடுத்து டொப். பந்து உன்னிடம். உனக்கு முன்னால் யாருமில்லை என்பது கூட்டத்தின் குரலிலேயே தெரிந்தது. டொப். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. வேணி, அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று என்னால் எழுத முடியாது. உடம்பு விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு ஷூ கீச்சிட்டது. “ஜெனி!” என்று உன் குரல். பிறகு வலை அதிர்ந்தது, கூரைத் தகரம் அதிர்ந்தது, யாரோ என் மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உன் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வென்றோம் என்று அவள் சொல்லவில்லை. “குடுத்துட்டா! ஏங்க, அவ குடுத்துட்டா!” என்று கத்தினாள்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். எறிந்து முடித்துக் கோல் வட்டத்துக்குள் விழுந்து கிடந்த ஜெனிபரை நோக்கி எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ கோட்டுக்கு வெளியே இரண்டு காலும் தரையில் ஊன்ற, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாய். பிறகு நீயும் ஓடினாய். எழுந்த ஜெனிபரைக் கட்டிப்பிடிக்க அவள்மேல் எகிறிக் குதித்தாய். அவளால் உன்னைத் தாங்க முடியவில்லை. நழுவி வலது காலில் இறங்கினாய். ஒற்றைக் காலில். இறங்கி, அப்படியே மறுபடி குதித்தாய். கிடங்கில் இருந்த யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். இந்த ஒரு வருடத்தில் நான் கண்ணால் பார்த்த உன் முதல் ஆட்டம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நீயே சொன்னாய்: “முட்டிக்குப் பயந்து குடுத்தேன்னு நெனைக்காதீங்கப்பா. நான் போட்டுருப்பேன். ஜெனி மறிக்க ஆளில்லாம நின்னா, கீப்பர் என்னைத்தான் பாத்துட்டு இருந்தா. அதான்.” “நான் ஒண்ணும் நெனைக்கல” என்றேன். நினைத்திருந்தேன். ஆனால் நீ சொன்ன பிறகு அது சரியான பாஸ் என்பது எனக்கும் புரிந்தது. பயந்து கொடுத்தாலும் பார்த்துக் கொடுத்தாலும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருப்பவளுக்கு வித்தியாசம் தெரிந்தால் போதும். முகாமில் யாராவது நீ பயந்துவிட்டாய் என்று சொன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. வலித்தால் மட்டும் சொல்லிவிடு. போனில் உன் அம்மா கேட்கும்போது “ஒண்ணுமில்லம்மா” என்று ஆரம்பிக்காதே. அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் அன்றைக்குச் சாப்பிடுவதில்லை. அங்கே பசை டப்பா கிடைக்கும், கேட்டு வாங்கிக்கொள். உன் பைக்குள் அவள் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம் வைத்திருக்கிறாள். அது தின்பதற்கு மட்டும்.

அன்று கிடங்கின் ஒரு மூலையில் உட்கார்ந்தே செய்தியை எழுதி அனுப்பினேன். கழகம் லீகில் நீடித்தது, ஜெனிபர் கடைசி கோலை அடித்தார், அதற்கான பந்தை வேணி கொடுத்தார் என்று எல்லாம் எழுதி, கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். காலையில் பேப்பரைப் பிரித்தபோது அந்த வரி இல்லை. அலுவலகத்திலிருந்த இளைஞரைக் கேட்டேன். “இடம் பத்தல சார், அதுவும் அது செய்தி மாதிரி இல்லையே” என்றார். அவர் செய்தது சரி. நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன். வெட்டப்பட்ட வரி இது: ‘நீண்ட நாள் காயத்துக்குப் பின் களமிறங்கிய வேணி நலமாக இருக்கிறார்.’

இங்கே இடம் இருக்கிறது. ‘அவர்’ தேவையில்லை. நீ நலமாக இருக்கிறாய், வேணி.

அப்பா